உயர்நீர்க் கோட்டுக்குக் கீழே: கரையோரப் பராமரிப்புக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் கரையோரங்களைத் துப்புரவாக வைத்திருக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் அரசு அமைப்புகளின் தலைவர்களுக்கும், அப்பணிக்கான ஒப்பந்தங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் பாசிர் ரிஸ் வட்டாரத்தில் குடியிருப்பவன். கடல் நன்றாக வற்றும் நாள்களில், மற்ற தன்னார்வலர்களோடு சேர்ந்து கடற்புல் கணக்கெடுப்பில் சில ஆண்டுகளாகப் பங்கெடுத்து வருகிறேன். வேலை எளிமையானதுதான். 50 மீட்டர் நீளத்துக்கு அளவு நாடாவை விரித்து, ஐந்தைந்து மீட்டருக்கு ஒருமுறை 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் எத்தனை விழுக்காடு புல் இருக்கிறது, என்ன வகை, எவ்வளவு உயரம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். நாங்கள் எழுதும் தாளில் குப்பைக்கென்று தனிக் கட்டம் இல்லை. ஓரத்தில் உள்ள குறிப்புக் கட்டத்தில் ‘பை’, ‘வலை’, ‘கயிறு’ என்று சுருக்கமாக எழுதி வைப்போம். ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னக் கட்டத்தில் இடம் போதாமல் தாளின் பின்பக்கத்துக்குப் போக வேண்டியிருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இம்மடலை எழுதத் துணிந்தேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. கடற்புல் வெளியை மணற்கரையின் நீட்சியாகக் கருதிப் பராமரிப்பது பொருந்தாது. மணலைக் கூட்டிப் பெருக்கும் வேலை, ஏற்றத்தின்போது அலை வந்து தொடும் உயர்நீர்க் கோட்டோடு நின்றுவிடுகிறது. புல்லோ அந்தக் கோட்டுக்குக் கீழேதான் முளைக்கிறது. மேலே இருக்கும் மணல் அன்றாடம் பெருக்கப்படுகிறது. கீழே புல்லில் சிக்கிய பை அடுத்த பௌர்ணமிக்கும் அதே இடத்தில் கிடக்கிறது. நான் பார்த்தவரை, அந்த ஈரத்தரையில் சேரும் குப்பை எவருடைய வேலை அட்டவணையிலும் இல்லை.

கடற்புல்லைப் பாசியோடு குழப்பிக்கொள்வோர் நம்மிடையே நிறைய உண்டு என்பதால் ஒரு சொல் கூறி மேலே செல்கிறேன். அது வேரும் தண்டும் இலையும் உடைய, பூத்துக் காய்க்கிற தாவரம். கடல்நீரிலேயே வாழ்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. சிங்கப்பூரில் 12 வகைகள் பதிவாகியுள்ளன. விரல்நுனி அளவே உள்ள கரண்டி வடிவ இலைகளைக் கொண்ட சிறு புல்லும் அவற்றில் உண்டு. ஒரு மீட்டருக்கும் மேலாக நாடாபோல் நீளும் பெரும்புல்லும் உண்டு. சாங்கிக் கரையிலும், புலாவ் உபினின் செக் ஜாவாவிலும், செமாக்காவ் தீவின் திட்டிலும், சரக்குக் கப்பல்களுக்கு நடுவே கிடக்கும் சைரீன் திட்டிலும் இவற்றைக் காணலாம். ஓரா மீனின் குஞ்சும் இறாலும் நீல நண்டும் கடற்குதிரையும் இந்தப் புல்லுக்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. கடற்புல்லை மேய்ந்து வாழும் பெரிய பாலூட்டியான கடற்பசு மேய்ந்து சென்ற நீண்ட தடங்கள் இவற்றுள் சில இடங்களில் இன்றும் தென்படுகின்றன. ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாழும் நகரத்தின் வாசலில் அப்படியொரு பிராணி இரவில் வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது என்பதை முதன்முதலில் கேட்டபோது நானும் நம்பவில்லை.

இந்தப் புல் இவ்வளவாவது மிஞ்சியிருப்பதற்கு உங்களுக்கு முன் அப்பதவிகளில் இருந்தவர்களும் காரணம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014இல் வெளியான ஆய்வொன்று, அதற்கு முந்தைய ஐம்பதாண்டுகளில் சிங்கப்பூர் தன் கடற்புல் வெளிகளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டை இழந்துவிட்டது என்று கணித்தது. அந்த இழப்புக்கு முதற்காரணம், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நில மீட்புப் பணி என்றும் சொன்னது. அதே ஆய்வு, எஞ்சிய புல் பிழைத்திருப்பதற்கான காரணத்தையும் குறிப்பிட்டது: நிலத்திலிருந்து வழிந்தோடும் நீருக்கும் மாசுக்கும் இங்கு இருக்கும் கடுமையான கட்டுப்பாடுகள். 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நீடித்த சிங்கப்பூர் ஆற்றுத் துப்புரவைக் கண்ணால் கண்ட தலைமுறைக்கு இது வியப்பாக இராது. 2001 டிசம்பரில் செக் ஜாவாவின் நில மீட்பை ஒத்திவைத்த முடிவும் இந்த வரிசையில் சேரும். ஆக, மண்ணையும் கழிவுநீரையும் கட்டுப்படுத்தத் தெரிந்த நாடு இது. மிதந்து வரும் திடக் குப்பையிடம்தான் அந்தக் கண்டிப்பு எட்டாமல் இருக்கிறது.

குப்பை புல்வெளியில் நடந்துகொள்ளும் விதம் வேறு. வெறும் மணலில் ஒதுங்கிய போத்தலை அடுத்த ஏற்றம் தூக்கிச் சென்றுவிடக்கூடும். புல் அடர்ந்த இடத்தில் இலைகள் நீரோட்டத்தின் வேகத்தைக் குறைப்பதால், நீரில் கலந்துவரும் வண்டலும் அதனோடு வரும் பொருள்களும் அங்கேயே படிகின்றன. இயற்கையில் இது புல்லுக்கு நன்மை. வண்டலைப் பிடித்து வைத்துத் தன் தரையைத் தானே கட்டிக்கொள்கிறது. அதே பிடிப்புதான் பிளாஸ்டிக்கையும் பிடிக்கிறது. ஒரு பை வந்து இலைகளின்மேல் படிந்தால், அதன்மேல் வண்டல் ஏறி, சில வாரங்களில் பாதி புதைந்துவிடும். அதை இழுத்தெடுத்த இடத்தில், பையின் அளவுக்குக் கறுத்துப்போன சேறும், அழுகிய தண்டுகளும், முட்டை நாற்றமும்தான் இருக்கும். நம் கடல்நீர் ஏற்கெனவே கலங்கல்; நீருக்குள் 2 மீட்டருக்கு அப்பால் தெளிவாகப் பார்ப்பதே அரிது. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் கட்டுமானத் தளத்திலிருந்தோ படகிலிருந்தோ வந்து விழுந்த ஒரு தார்ப்பாய் மறைத்துவிட்டால், அதன் அடியில் இருக்கும் புல்லுக்கு உணவு தயாரிக்க வழியில்லை.

வலைகள் இன்னும் மோசம். வெட்டி விடப்பட்ட நரம்பு வலை புல்லோடு பின்னிக்கொண்டு, ஏற்றத்திலும் வற்றத்திலும் இழுபட்டு, வேர்த்தண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கும். பெயர்த்துக்கொண்டே மீனும் பிடிக்கும். பிடித்த மீனை எடுக்க ஆள் வருவதில்லை. அதைத் தின்ன வரும் நண்டும் அதிலேயே சிக்கும்.

கண்ணுக்குத் தெரியாதது வேறு இருக்கிறது. சிங்கப்பூர்க் கரைகளில் எடுத்த கடற்புல் இலைகளிலும் பாசிகளிலும் நுண்பிளாஸ்டிக் துகள்கள் ஒட்டியிருப்பதை 2020இல் வெளியான உள்ளூர் ஆய்வொன்று பதிவு செய்தது. அதற்கடுத்த ஆண்டு வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு இன்னும் பரவலாகப் பேசப்பட்டது. மயோர்க்கா தீவுக் கரைகளில் ஒதுங்கிய, கடற்புல்லின் நார்கள் திரண்டு உருவான உருண்டைகளில், கிலோ ஒன்றுக்கு 1,470 பிளாஸ்டிக் துண்டுகள் வரை சிக்கியிருந்தன. அதைப் படித்த பலர், கடற்புல் கடலைத் துப்புரவு செய்கிறது, இது நற்செய்தி என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டு வாசலில் கொட்டிய குப்பை மல்லிகைப் பந்தலில் சிக்கிக்கொண்டால், பந்தல் தெருவைப் பெருக்குகிறது என்று நாம் மகிழ்வதில்லை.

சைரீன் திட்டில் ஒருநாள் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். ஒருபுறம் ஜூரோங் தீவு, மறுபுறம் புக்கோம் தீவு, எதிரே பாசிர் பாஞ்சாங் முனையத்தின் பாரந்தூக்கிகள். நடுவில் நீர் வற்றியதும் வெளிப்படுகிற அந்தத் திட்டில் நாடாப்புல் செழித்துக் கிடக்கிறது. அந்தப் புல் பூக்கும் முறை விந்தையானது. ஆண் பூக்கள் அரிசிக் குறுநொய்யைவிடச் சற்றே பெரியவை, வெள்ளை நிறம். அவை அடியிலிருந்து பிரிந்து நீர்ப்பரப்புக்கு வந்து, காற்றிலும் ஓட்டத்திலும் மிதந்து சென்று, மேலே விரிந்து நிற்கும் பெண் பூவுக்குள் விழ வேண்டும். அன்று நீர்ப்பரப்பு முழுக்க வெள்ளைத் துகள்கள். நூற்றுக்கணக்கான பூக்கள் என்று மகிழ்ந்து உள்ளங்கையில் அள்ளினேன். பாதி பூ, மீதி நொறுங்கிய ஸ்டைரோஃபோம் மணிகள். அளவும் நிறமும் மிதக்கும் விதமும் ஒன்றுபோல் இருந்ததால், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்துத்தான் பிரித்தறிய முடிந்தது. பெண் பூவுக்குள் அந்த மணி போய் விழுந்தால் காய்ப்பு எவ்வளவு குறையும் என்று அளந்து சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒரு தாவரம் தன் இனத்தைப் பெருக்குவதற்கு நம்பியிருக்கும் அதே நீர்ப்பரப்பை, மீன் பெட்டியின் நொறுங்கல்களோடு அது பங்கிட்டுக்கொள்வதைக் கண்டபின் அந்தப் பெட்டிகளைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

இதெல்லாம் வெளியிலிருந்து மிதந்து வருவது, நாம் என்ன செய்ய முடியும் என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதில் உண்மை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கரையில் குப்பை அதிகம் ஒதுங்குவதும், காற்றுத் திரும்பும்போது வடகிழக்குக் கரைகளின் முறை வருவதும் எல்லாரும் அறிந்ததே. ஆனால் கணக்கெடுப்புக்கு வைக்கும் சதுரச் சட்டத்துக்குள் நான் காணும் பொருள்கள் அத்தனையும் அயலூரைச் சேர்ந்தவை அல்ல. காப்பிக்கடையில் ‘பாவ்’ (பொட்டலம்) கட்டிய பை, நம் பேரங்காடியின் பெயர் அச்சிட்ட உறை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்குக் கீழே விற்கும் பானத்தின் போத்தல் ஆகியவற்றை அங்கே வாரந்தோறும் பார்க்கலாம். சிங்கப்பூரின் வடிகால்களும் கால்வாய்களும் சேர்ந்து ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீளம்; அவற்றில் ஒரு பகுதி நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது, மற்றது நேரே கடலுக்கு. நமக்கும் மலேசியாவுக்கும் நடுவே உள்ள ஜொகூர் நீரிணையில் இருக்கும் மீன் பண்ணைகளின் மிதவைகளும் நீலப் பீப்பாய்களும் இருகரைக்கும் பொதுவானவை. வெளிக்குப்பையைத் தடுக்க அண்டை நாட்டோடு பேச வேண்டும் என்பது சரி. அந்தப் பேச்சு முடியும்வரை புல்லில் சிக்கியதை எடுக்காமல் விட வேண்டியதில்லை.

அதிகாரிகளைக் கேட்கும்போது என் வீட்டையும் கேட்டுக்கொள்வதுதான் முறை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் மறைந்தவர்களை நினைத்துக் கடற்கரைக்கு வருவதும், பதினாறாம் நாள் காரியம் முடித்து வருவதும், வேண்டுதல் நிறைவேறினால் கடலுக்குப் பூப்போடுவதும் நம் சமூகத்தில் தொடர்கின்றன. அவற்றைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. என் தந்தையின் அஸ்தியையும் கடலில்தான் கரைத்தோம். ஆனால் அமாவாசை, பௌர்ணமி நாள்களில்தான் கடலின் ஏற்றமும் வற்றமும் மிகுதி என்பது பரதவர் மரபில் வந்த எவருக்கும் தெரியும். ஆடி மாதத்தில் விடியலில் வெளித்தெரியும் புல்வெளிமேல் முற்பகலுக்குள் நீர் ஏறிவிடுகிறது. கரையில் வைத்த மாலையின் நைலான் நூலும், ஜிகினாத் தாளும், கற்பூரம் வைத்த பிளாஸ்டிக் தட்டும், வண்ணம் பூசிய சிறு சிலையும் அந்த ஏற்றத்தோடு இறங்கி, அடுத்த வற்றத்தில் புல்லுக்குள் கிடக்கின்றன. பூவும் வாழையிலையும் எள்ளும் மட்டும் கொண்டு சென்ற நம் தாத்தா பாட்டிகள் இந்தச் சிக்கலைக் கொடுத்ததில்லை. அஸ்தி கரைப்பதற்குச் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் தொலைவில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கேயும் பையையும் நூலையும் படகிலேயே வைத்துக்கொள்ளலாம். கோயில் நிர்வாகக் குழுக்களும் காரியம் செய்துவைக்கும் குருக்களும் இதைப் பூசைப் பொருள் பட்டியல் எழுதித் தரும்போதே சொல்லிவிட்டால், கரையில் நிற்கும் அறிவிப்புப் பலகையைவிட நன்றாக வேலை செய்யும்.

துப்புரவு நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. நம் கரைகளில் கடல் மிகத் தாழும் வேளை, ஆண்டின் நடுப்பகுதியில் விடியலுக்கு முன்பும் விடியலை ஒட்டியும் வருகிறது. ஆண்டிறுதியில் அது மாலைக்கும் இரவுக்கும் மாறிவிடுகிறது. புல்வெளி முழுமையாக வெளிப்பட்டிருப்பது ஓரிரு மணி நேரந்தான். காலை 7 மணிக்குத் தொடங்கிப் பிற்பகலில் முடியும் வேலை நேரத்தில் வருகிற ஊழியருக்கு, பெரும்பாலான நாள்களில் அங்கே தண்ணீர்தான் தெரியும். குப்பை எங்கே இருக்கிறது என்று அவரைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வார்; அவர் சொல்வது பொய்யுமில்லை.

சாங்கியில் ஒரு நாள் அப்படிப்பட்ட ஊழியர் ஒருவரோடு பேசினேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் மணமேல்குடிப் பக்கம் அவருக்கு ஊர். அதிசயமாக நீர் வற்றியிருந்த காலை அது. மேற்பார்வையாளர் அவரைக் கீழே இறங்கி வாரச் சொல்லியிருந்தார். அவர் கையில் மணல் வாரும் இரும்பு வாரி. இறங்கியவர் நின்றுவிட்டார். “இது தாழைங்க சார். இதுல வாரியப் போட்டா வேரோட வந்துரும். எங்க ஊர்ல ஆவுளியா மேயுற புல்லு” என்றார். தாழை என்று அவர் சொன்னது கடற்புல்லை, ஆவுளியா என்றது கடற்பசுவை. அவர் சொன்ன கரையும் அதை ஒட்டிய தஞ்சாவூர்க் கரையும் சேர்ந்த பாக் விரிகுடாப் பகுதியைத்தான் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வாரியை மணலில் நட்டுவிட்டுக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று மேற்பார்வையாளர் பின்னர் அவரிடம் கேட்டாராம். புல்லைக் காப்பாற்றிய அறிவுக்கு அவருடைய வேலைத்தாளில் இடமில்லை.

தன்னார்வலர்களான நாங்களும் குற்றமற்றவர்கள் அல்லர். அனைத்துலகக் கடலோரத் துப்புரவு இயக்கம் 1992 முதல் இங்கே நடந்து வருகிறது. சேர்ந்த குப்பையை எடைபோட்டு, வகைபிரித்து எண்ணும் ஒழுக்கத்தைச் சிங்கப்பூருக்குக் கற்றுத்தந்தது அது. ஆனால் நிறுவனங்களின் குழுப் பிணைப்பு நிகழ்ச்சி என்று எண்பது பேரை ஒரே வேளையில் புல்மேல் இறக்கிவிடும்போது, அவர்கள் எடுத்துச் செல்லும் குப்பையைவிட மிதித்துவிட்டுப் போகும் சேதம் அதிகமாகிவிடுகிறது. ஒரு பெரிய வலையை ஆறு பேர் சேர்ந்து கயிறிழுக்கும் போட்டிபோல் இழுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். வலையோடு ஒரு பாய் அகலத்துக்குப் புல்லும் வந்திருந்தது. வலையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பொறுமை உள்ள நான்கு பேர் போதும்.

இப்படி ஒரு வலை கிடக்கிறது என்று ஒருமுறை தெரிவிக்க முயன்றேன். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை, ஏனெனில் அது ஓர் அலுவலகத்தின் குறை என்று நான் நினைக்கவில்லை. முதலில் பேசியவர் அது பூங்காவின் எல்லைக்கு வெளியே என்றார். அடுத்தவர் அது கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இல்லை என்றார். மூன்றாமவர் நல்லவர், படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். படம் பார்த்து ஆள் அனுப்பியபோது நீர் ஏறியிருந்தது. வலை இருந்த இடத்தை அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கனிவாகப் பதில் வந்தது. பிறகு நாங்களே போய் வெட்டி எடுத்தோம்.

எல்லாரும் ஒன்றுகூட முடியாத நாடு இது என்று எவரும் சொல்ல முடியாது. 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பலொன்று எண்ணெய் நிரப்பும் கப்பலின்மீது மோதி, ஏறத்தாழ 400 டன் எரியெண்ணெய் கடலில் கொட்டியபோது, அமைப்புகள் பலவும் ஒரே கூரையின்கீழ் வந்தன. தடுப்பு மிதவைகள் போடப்பட்டன, கரைகள் மூடப்பட்டன, மணல் அள்ளப்பட்டது, எங்கே யார் பொறுப்பு என்ற கேள்வி எழவே இல்லை. எண்ணெய் கறுப்பாக, ஒரே இரவில் வந்தது. பை நிறமில்லாமல், நாளுக்கு ஒன்றாக வருகிறது.

கொள்கைகளுக்கும் குறைவில்லை. கடல் குப்பைக்கான தேசியச் செயல்திட்டம் 2022இல் வெளியிடப்பட்டது. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம். பானப் போத்தலுக்கும் டப்பாவுக்கும் 10 காசு வைப்புத்தொகை வாங்கித் திருப்பித் தரும் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 என்று நாள் குறிக்கப்பட்டது. இவை குப்பையை ஊற்றிலேயே குறைக்கும் வழிகள்; வரவேற்கிறேன். ஏற்கெனவே புல்லுக்குள் புதைந்துகிடப்பதை இவை எடுக்கப்போவதில்லை.

ஆகவே, நான் கேட்பது புதிய சட்டமோ பெருந்தொகையோ அல்ல. அடுத்த கடற்கரைத் துப்புரவு ஒப்பந்தங்களை வகுக்கும்போது கடற்புல் உள்ள ஈரத்தரையைத் தனி வகையாகப் பிரித்து எழுதுங்கள். அதன் வேலை நேரத்தைக் கடிகாரத்தைக் கொண்டு குறிக்காமல் கடல்துறை வெளியிடும் நீர்மட்ட அட்டவணையைக் கொண்டு குறியுங்கள். மாதத்தில் இரண்டு தாழ்நீர் வேளைகள் கிடைத்தாலே போதும். அங்கே வாரியும் இயந்திரமும் இறங்கக் கூடாது, கையும் கத்தரியும் மட்டுமே என்ற ஒரு வரி இருக்கட்டும்; சிறிய, பயிற்சி பெற்ற குழுவுக்கு, நேரத்துக்கேற்ற ஊதியத்தோடு அந்த வேலை போகட்டும். இரவு வேலைக்கு உரிய படி தராமல் ஊழியர்களை விடியலில் சேற்றில் இறக்குவதை நான் கேட்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உயர்நீர்க் கோட்டுக்குக் கீழே கிடக்கும் வலையை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரே தொலைபேசி எண், ஒரே பொறுப்பாளர். கால்வாய் வாய்களில் குப்பைத் தடுப்பு மிதவை போடும் வரிசையில், புல்வெளிக்கு அருகே திறக்கும் வாய்களை முன்னே கொண்டுவாருங்கள். மீன் பண்ணைகளிலும் சந்தைகளிலும் உறையிடாத ஸ்டைரோஃபோமுக்கு ஒரு முடிவுத் தேதி வையுங்கள். நாடாப்புல்லின் பூவும் அந்த மணியும் ஒன்றாக மிதந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. எங்கள் கணக்கெடுப்புத் தாளில் குப்பைக்கென்று ஒரு கட்டம் சேர்ப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அதற்கு உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம்.

செமாக்காவ் தீவின் நிலைதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்தக் குப்பை நிரப்பிடத்தில், எரித்த சாம்பலை 7 கிலோமீட்டர் நீளக் கல்லணைக்குள் ஒரு துளி கசியாமல் வைத்திருக்கிறோம். அணைக்கு வெளியே புல்லும் பவளமும் பிழைத்திருப்பதை வெளிநாட்டு விருந்தினருக்குப் பெருமையோடு காட்டுகிறோம். அந்தப் புல்லின்மேல், எரிக்கப்படாத குப்பை கடல்வழியாக வந்து, அணையின் மறுபக்கத்தில் படிந்துகொண்டிருக்கிறது.

இந்த ஆண்டின் கடைசி மாதங்களில் தாழ்நீர் வேளை இருட்டியபின்தான் வரும். அமாவாசையை ஒட்டிய ஏதேனும் ஒரு மாலையில், உங்களில் ஒப்பந்தம் வகுப்பவர் ஒருவராவது சாங்கிக் கரைக்கு வந்தால் மகிழ்வேன். முழங்கால்வரை எட்டும் ரப்பர் காலணியும் தலையில் மாட்டும் விளக்கும் எங்களிடம் கூடுதலாக இருக்கின்றன. கொசுமருந்து மட்டும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
சாங்கிக் கரையில் கடற்புல் கணக்கெடுக்கும் தன்னார்வலர் ஒருவர்
பாசிர் ரிஸ், சிங்கப்பூர்